பொங்கலுக்கு முன்னால் வெயிலைப் பிடி: அரையாண்டு லீவுக்கு அக்காவின் டிப்ஸ்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களும் பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணும் நாட்களும் சேர்ந்தே வரும், தங்கச்சி. டிசம்பர் கடைசி வாரம் லீவு விடும்போது பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று தோன்றும். அப்படியே விட்டால் எல்லா வேலையும் போகிக்கு முதல் நாள் தலையில் வந்து விழும். மார்கழியில் வெயிலை வைத்துத்தான் வேலையைக் கணக்குப் போட வேண்டும். காலை எட்டரை வரை மாடித் தரையில் பனி ஈரம் இருக்கும், நாலு மணிக்கு மேல் வெயிலில் சூடு இருக்காது. அதனால் காய வேண்டியதெல்லாம் முதலில், பளபளக்க வேண்டியதெல்லாம் கடைசியில்.

முதல் இரண்டு நாளைத் துணிக்குக் கொடு. ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஏறிய பூசண வாசனை, துணியை வெளியே எடுத்து வெயில் காட்டாமல் போகாது. ஜமக்காளம், போர்வை, தலையணை மூன்றையும் ஒரே நாளில் நனைக்காதே. கனமானதற்கு இரண்டு வெயில் வேண்டும். இந்த மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கொடி கட்டினால் பாதி நாள் சுவரின் நிழலிலேயே போய்விடும். வடக்கு ஓரமாகக் கட்டு. நாலு மணிக்கெல்லாம் எடுத்துவிடு, பனி இறங்கினால் காய்ந்ததும் மறுபடி ஈரமாகும்.

அடுத்தது சுவர். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். மழை ஈரம் உள்ளே இருக்கும் சுவரில் வெள்ளையடித்தால் மாசி வருவதற்குள் செதில் செதிலாக உதிரும். முதலில் பாசியையும் பழைய பொருக்கையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஜன்னல் கதவைத் திறந்து நாலைந்து நாள் சுவரை ஆற விடு. ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பின்கட்டு, மதில், மாட்டுக்கொட்டகை போன்ற பழைய சுண்ணாம்புச் சுவருக்குத்தான் இது.

கல் சுண்ணாம்பு வாங்கினால் நீற்றுவதில் கவனம் வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மண் தொட்டியோ பழைய இரும்பு அண்டாவோ எடுத்துக்கொள்; அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே. கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரை விட்டு இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி ஊறியதும் துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் அரிசிக் கஞ்சியும், வெளுப்புக்குத் துளி நீலமும் கலந்துகொள். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம், நீர்க்க இரண்டு பூச்சு நிற்கும். ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டை போகும்போது மெயினை அணைத்துவிடு. ஈரச் சுவரில் கை வைத்து லேசாகச் சுர்ரென்றாலும் வெள்ளையடிப்பை நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

சமையலறையில் இந்த மாதம் எல்லோருக்கும் இருக்கும் குறை, மாவு புளிக்கவில்லை என்பதுதான். ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டினால் காலையில் இட்லி கல்லாகத்தான் வரும். சாயங்காலம் நாலு மணிக்கே ஆட்டிவிடு. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம், கரைக்கக் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே கலக்கல், அவ்வளவு போதும். ஓசூர், ஊட்டி பக்கம் இருப்பவர்கள் மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, மேலே துண்டு போட்டு மூடி வைக்கலாம். தயிருக்கு ஹாட்பாக்ஸ் போதும். உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் காட்டாதே, பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்து.

பருப்பு, மிளகாய், மல்லியை வெயிலில் பரப்பு. வண்டு வந்த அரிசியை மட்டும் சுள்ளென்ற வெயிலில் போடாதே, நொய்யாக உடையும். நிழலில் காற்றாடப் பரப்பிப் புடைத்து எடு.

பிள்ளைகளைச் சும்மா வைத்துக்கொண்டு நாம் மட்டும் ஓடுவது எனக்குப் பிடிக்காது. பையனோ பெண்ணோ, வேலை இருவருக்கும் ஒன்றுதான். வாரம் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, வாசலில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கும் வேலையைக் கொடு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்கவும் சொல். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும்.

கோலம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. 7 புள்ளியில் தொடங்கி 4 வரை இடுக்குப் புள்ளி வைக்கட்டும். மொத்தம் 37 வர வேண்டும், எண்ணச் சொல். முதலில் சாக்பீஸால் மாடியில், கை பழகியதும் வாசலில். தெளித்த தண்ணீர் உள்ளே இழுத்த பிறகு மாவைத் தொட வேண்டும், ஈரம் தேங்கினால் இழை பரவிவிடும். அரிசி மாவு கொஞ்சமாவது கலந்துகொள், எறும்புக்கும் ஆச்சு.

பித்தளை, செம்பை இப்போதே தேய்த்து வைத்தால் பொங்கலுக்குள் மறுபடி கறுத்துவிடும். இரண்டு நாள் முன்னால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவிய கையோடு துணியால் துடைத்துவிடு. தண்ணீர் தானாகக் காய்ந்தால் திட்டு விழும். ஆனால் பொங்கப் பானைக்கு ஈயம் பூசும் வேலையை மட்டும் லீவின் முதல் வாரத்திலேயே முடித்துவிடு. பூசுகிறவர் கிடைப்பதே அரிது, தை நெருங்கினால் வரிசை கட்டும். உள்ளே ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிப்புச் சமையல் கூடவே கூடாது.

கடைசியாகப் பரண். ஏணியை ஒருவர் பிடிக்காமல் ஏறாதே. இறக்கியதை அங்கேயே மூன்றாகப் பிரி: யாராவது உடுத்தக்கூடியது, பழைய பேப்பர் கடைக்குப் போவது, கிழிந்த கோரைப் பாய், ஓலை, துடைப்பம் போல மக்கக்கூடியது. மூன்றாவதை மண்ணில் புதைத்தால் உரம். டயர், பிளாஸ்டிக், ரெக்ஸின் பை எதுவும் போகி நெருப்புக்குப் போகக் கூடாது. பனியோடு சேர்ந்து அந்தப் புகை தரையை ஒட்டியே நிற்கும். சென்னை விமான நிலையத்தில் போகிக் காலையில் விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. தெருவில் யாராவது ஆஸ்துமாவோடு இருப்பார்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும். பிள்ளைகள் டயர் கேட்டு அழுதாலும் கொடுக்காதே, மேளம் வாங்கிக் கொடு.