வக்கீல் இறந்துவிட்டால் கொடுத்த பீஸ் என்ன ஆகும்?

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுக்கும் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறையூரில் அவருடைய அப்பா விட்டுப்போன சிறிய நிலம் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டுவிட்டார். அந்தப் பெண் தேவிகுளம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். முழு பீஸையும் முதலிலேயே தர வேண்டும் என்றார் வக்கீல். சீட்டு எடுத்து 20,000 ரூபாய் கொடுத்தார் அந்தப் பெண். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே வக்கீல் இறந்துவிட்டார்.

பீருமேட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் இந்த நிலை வரலாம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை விவசாயிக்கும் வரலாம்.

லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"செத்தவர்கிட்டே எப்படிக்கா பணம் கேட்பீங்க? போனது போனதுதான்" என்றார் ஒருவர்.

"நாளைக்கே வக்கீல் வீட்டு வாசல்ல போய் உட்காருங்கக்கா" என்றார் இன்னொருவர்.

இரண்டு யோசனையும் சரியல்ல. பணம் கேட்க வழி இருக்கிறது. ஆனால் முதலில் போக வேண்டிய இடம் வக்கீல் வீடு அல்ல, கோர்ட்டு. துக்க வீட்டில் பணம் கேட்க நாள் பார்க்கலாம். வாய்தா நமக்காக நிற்காது.

வழக்குக் கொடுக்கும்போது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டோம் அல்லவா? வக்கீல் இறந்தால் அந்த வக்காலத்து முடிந்துவிடும். சிவில் நடைமுறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அதே வக்காலத்தில் வேறு வக்கீலும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் தொடர்ந்து நடத்தலாம். ஆகவே வக்காலத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று வக்கீல் குமாஸ்தாவிடமோ கோர்ட்டு ஆபீசிலோ கேளுங்கள். அன்று நேரில் போய், "என் வக்கீல் இறந்துவிட்டார், வேறு வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லலாம்.

தெரியாமல் வாய்தா தவறிவிட்டதா? நாம் போட்ட வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், 30 நாளுக்குள் மனு கொடுத்துத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். வக்கீல் இறந்தது நல்ல காரணம். 30 நாள் கடந்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனுவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கேஸ் கட்டும் மூலப் பத்திரங்களும் நம்முடையவை. "பீஸ் பாக்கி, கட்டைத் தர மாட்டோம்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்டைப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. வக்கீலுக்கே இல்லாத உரிமை அவர் குடும்பத்துக்கு எப்படி வரும்?

இனி பணத்துக்கு வருவோம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டுச் சட்டம். அதில் விளக்கத்துக்காகச் சின்னச் சின்ன உதாரணங்கள் உண்டு. ஓர் ஓவியர் படம் வரைந்து தருவதாக ஒப்புக்கொள்கிறார். வரையும் முன் இறந்துவிடுகிறார். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு "நீ வரை" என்று சொல்ல முடியாது. அது அவருடைய கைத்திறமை. வக்கீல் வேலையும் அப்படித்தான். இன்னோர் உதாரணம்: ஒரு பாடகருக்குக் கச்சேரிக்காக 1,000 ரூபாய் முன்பணம் கொடுக்கிறார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை, பாட முடியவில்லை. கச்சேரி நின்ற நஷ்டத்தை அவர் தர வேண்டாம். ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். நம்முடைய பெண் பணம் கேட்க இந்த உதாரணமே துணை.

முழு 20,000 ரூபாயும் வருமா? வராது. வக்கீல் வழக்கை எழுதித் தாக்கல் செய்தார், பல வாய்தாவுக்குப் போனார். அந்த வேலைக்கு உரியது அவருடையது. நடக்காத வேலைக்கு உரிய பங்கைத்தான் கேட்க வேண்டும். செலவுக்கு என்று தனியாகக் கொடுத்து, செலவாகாமல் மிஞ்சிய பணத்தையும் கேட்கலாம். பீஸ் எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி.

யாரிடம் கேட்பது? வாரிசுகளிடம். ஆனால் அவர்கள் தங்கள் கைப்பணத்திலிருந்து தர வேண்டியதில்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் தர வேண்டும். சொத்தே இல்லையென்றால் பணம் கிடைப்பது கடினம். கேரள வக்கீல் நல நிதியிலிருந்து வரும் தொகை வக்கீல் குடும்பத்துக்கானது, கட்சிக்காரருக்கு அல்ல. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் வேலை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பேசித் தீராவிட்டால் தாலுகா சட்டப் பணிக் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே அவர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். ஒத்துவராவிட்டால் வழக்குத்தான். அதற்குப் பொதுவாக 3 ஆண்டு வரை காலம் உண்டு. ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால் பேங்க் பாஸ்புக், போனில் பணம் அனுப்பிய பதிவு, குமாஸ்தாவின் சாட்சி ஆகியவை உதவும்.

புது வக்கீலுக்கு மறுபடி கடன் வாங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலை, தோட்டத் தொழிலாளர் ஆகியோருக்கு அதே குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வக்கீல் குடும்பத்துக்கு அந்தப் பெண் எழுதிய கடிதம் இது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்தார்.

"மறைந்த வக்கீல் ஐயா அவர்களின் குடும்பத்தாருக்கு வணக்கம். ஐயாவின் மறைவுக்கு வருந்துகிறேன். தேவிகுளம் முன்சீப் கோர்ட்டில் ...... எண் வழக்கை ஐயா எனக்காக நடத்திவந்தார். ...... தேதியில் பீஸ் 20,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது நகல் இத்துடன் உள்ளது. சாட்சி விசாரணைக்கு முன் வழக்கு நிற்கிறது. என் கேஸ் கட்டையும் மூலப் பத்திரத்தையும் அடுத்த வாய்தாவான ...... தேதிக்கு முன் தர வேண்டுகிறேன். ஐயா செய்த வேலைக்கு உரியதைக் கழித்துக்கொண்டு, மீதிப் பணத்தைக் கணக்குடன் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
......"