உப்பும் ஒளிப்படமும்

நுழையும்முன்

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டுகள் நிலைத்து நிற்கிறது. தாளில் பதிந்த உருவமோ, பேணாவிடில் ஒரு தலைமுறைக்குள் மங்கிவிடுகிறது. கடலோர ஊர்களில் இவ்விழப்பு இன்னும் விரைவாக நேர்கிறது. பெரிய ஒளிப்படங்களைக் காட்சிக்கு வைத்துக் காக்கும் முறையை, உப்பு விளையும் மண்ணில் நின்று அறிவோம்.

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை போற்றும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் கருதுவர். பாத்தி பாத்தியாக விரிந்து வெயிலில் வெண்ணிறமாய் ஒளிரும் உப்பளங்களே இவ்வூரின் அடையாளம்.

ஒளிப்படக் கலையின் பிறப்பிலும் உப்புக்குப் பங்குண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், தாளை உப்புநீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினார். அதனால் உருவான வெள்ளிக் குளோரைடு, ஒளிபட்ட இடங்களில் கருத்தது. இம்முறையை அவர் 1839ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். இவ்வாறு உருவான படங்கள் ‘உப்புத்தாள் படங்கள்’ எனப்பட்டன.

படத்தைப் பிறப்பித்த உப்பே அதற்குப் பகையாகவும் மாறுகிறது. ஐப்பசி மழையில் அடுக்களை உப்புச்சாடி கசிவதைக் கண்டிருப்போம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கடற்காற்று சுமந்துவரும் உப்புத்துகள் படத்தின்மீது படிந்தால், அவ்விடம் ஈரமாகவே இருக்கும். பூஞ்சை படரும், ஆணிகள் துருவேறித் தாளில் கறை பிடிக்கும். படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் ஊறி, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் பிரித்தெடுத்தால் உருவமும் உரிந்து வந்துவிடும்.

படம் பெரிதாயின் இடரும் பெரிதாகும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளைப் படம்பிடித்தார். 21 படிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தாள் ஈரத்தில் விரியும்; உலர்ந்தால் சுருங்கும். நூற்றில் அரைப்பங்கு விரிந்தாலும், 19 அடி நீளத் தாள் ஓர் அங்குலத்துக்கும் மேல் நீண்டுவிடும். நான்கு பக்கமும் இறுக ஒட்டினால், நீள்வதற்கு இடமின்றித் தாள் அலையலையாகப் புடைக்கும். சுருங்கும்போது கிழியவும் கூடும்.

ஆகவே, மூலப்படத்தை அட்டையில் முழுமையாக ஒட்டுதல் கூடாது. அமிலமற்ற அட்டையைப் பின்புறம் வைத்து, மெல்லிய தாள்பட்டைகளால் மேல்விளிம்பில் மட்டும் படத்தைத் தொங்கவிட வேண்டும். பட்டைகளை ஒட்டுவதற்குக் கோதுமை மாச்சத்துப் பசை ஏற்றது. நீரால் நெகிழ்த்திப் பின்னர்ப் பிரிக்கலாம். ஒட்டுநாடா காலப்போக்கில் மஞ்சள் கறையை விட்டுச்செல்லும். எதைச் செய்தாலும் மீண்டும் பிரித்தெடுக்கத் தக்கவாறு செய்க என்பதே பாதுகாப்புக் கலையின் முதல் விதி.

படத்தின்மேல் சாளரம்போல் நடுவில் வெட்டிய தடித்த அட்டையை வைத்தால், கண்ணாடி படத்தைத் தொடாது. பெரிய சட்டத்துக்கு எடையையும் கருதுதல் வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமனும் 1 சதுர மீட்டர் பரப்பும் உடைய கண்ணாடியின் எடை ஏறத்தாழ 7.5 கிலோகிராம், அதே அளவுள்ள அக்ரிலிக் தகடு அதில் பாதியளவே இருக்கும். சட்டத்தின் பின்புறத்தைத் தூசும் உப்புக்காற்றும் புகாதவாறு மூடுதல் வேண்டும். சுவர் ஈரம் ஏறாதிருக்க, சட்டத்தின் பின்னே சிறு கட்டைகளைப் பொருத்தி இடைவெளி விடுதல் நன்று. கடலை நோக்கிய சுவரும் நேர்வெயில் படும் சுவரும் படத்துக்கு ஏற்றவையல்ல.

இவற்றினும் சிறந்த வழி ஒன்றுண்டு. மூலத்தை மின்னணு முறையில் படியெடுத்து, அப்படியைப் பெரிதாக்கிக் காட்சிக்கு வைக்கலாம். மூலத்தை இருளான, உலர்ந்த இடத்தில் பேணலாம். படி சிதைந்தால் வேறொன்று எடுக்கலாம். மூலம் அழிந்தால் மீளாது. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்தியக் கோவில்களையும் சிற்பங்களையும் காட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைப் பேணி வருகிறது. கடலோர நகரிலும் படங்களைக் காக்க இயலும் என்பதற்கு அது சான்று.

கோவில்களுக்குக் கல்வெட்டு உண்டு. வரப்பில் வெறுங்காலுடன் நடந்து உப்பு வாரியவருக்குக் கல்வெட்டு இல்லை. அவர்தம் முகம் எஞ்சியிருப்பது, வீட்டுச் சுவரில் தொங்கும் மங்கிய ஒளிப்படத்தில் மட்டுமே. அதைக் காப்பது ஒரு குடும்பத்தின் கடமை மட்டுமன்று. ஊரின் வரலாற்றைக் காக்கும் பணியுமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து பிரிக்காமல் உற்றுநோக்கி, அதன் நிலையைக் குறித்து எழுதுக.

2. அப்படத்தில் உள்ளோரின் பெயர், தொழில், காலம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பில் பகிர்க.