பழங்கட்டடங்களும் புதிய வரைபடங்களும்: மும்பை மாநகரின் அனுபவம்

மும்பையின் காலா கோடா பகுதியில் எஸ்பிளனேடு மாளிகை என்னும் பழைய கட்டடம் ஒன்று உள்ளது. 1860-களில் வாட்சன் ஓட்டலுக்காக எழுப்பப்பட்டது இது. இதன் வார்ப்பிரும்புத் தூண்களும் விட்டங்களும் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டு இங்கே பூட்டப்பட்டன. லூமியே சகோதரர்களின் சலனப்படங்கள் இந்திய மண்ணில் முதன்முதலாகக் காட்டப்பட்டது 1896 ஜூலை 7 அன்று இக்கட்டடத்தில்தான். பிற்காலத்தில் ஓட்டல் மறைந்து, வாடகைதாரர்களின் அலுவலகங்களும் குடியிருப்புகளும் கடைகளும் அறைகளை நிறைத்தன. 2005-இல் இதன் முகப்பு மாடங்களில் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. 2018-இல் மற்றொரு பகுதி தெருவில் விழுந்தது. இத்தனைக்கும் இது மாநகராட்சியின் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இடம்பெற்ற கட்டடம். மாற்றமேதும் செய்யக்கூடாது என்று தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது. செய்தே ஆகவேண்டிய பழுதுபார்ப்பைச் செய்விக்கும் வழிதான் போதவில்லை. வரலாற்றுக் கட்டடங்களைப் பாதிக்கும் திட்டங்களை ஆய்வு செய்யும் முறையைப் பயில்வோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இருவகைப் பாதுகாப்பு

நாட்டின் தொன்மைச் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் காவலாக உள்ளது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட எல்லையாகும். கோட்டை, கோயில், கல்லறை போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தும். ஆனால் நகரத்தின் பழங்கட்டடங்களிற் பெரும்பாலானவை மக்கள் புழங்குபவை. வங்கி, கல்லூரி, திரையரங்கு, குடியிருப்பு, கடைவீதி ஆகியவற்றைச் சுற்றி வேலியிட்டுக் காவலரை நிறுத்துவது இயலாத செயல். அவை நாள்தோறும் மாறிக்கொண்டே பிழைத்திருக்க வேண்டியவை.

எனவே இவற்றைக் காக்கும் பொறுப்பு நகரமைப்புச் சட்டத்தின்பால் வந்து சேர்ந்தது. மகாராஷ்டிர வட்டார, நகரமைப்புச் சட்டத்தின்கீழ் பெரும்பம்பாய்க்கான பாரம்பரிய விதிகள் 1995-இல் பிறப்பிக்கப்பட்டன. இவ்வகையில் இந்திய நகரங்களுக்கு மும்பை முன்னோடி எனலாம். 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் கட்டடத் தொகுதிகளும் பட்டியலிடப்பட்டன. பட்டியலிற் கண்ட எதனையும் இடிப்பது மட்டுமன்றி, கூட்டுதல், மாற்றுதல், பழுதுபார்த்தல், பூச்சு வேலை, வண்ணம் தீட்டுதல் ஆகியவற்றுக்குங்கூட மாநகராட்சி ஆணையரின் முன்அனுமதி தேவை என்று விதிகள் கூறின. ஆணையருக்கு ஆலோசனை கூறப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2018-இல் நடைமுறைக்கு வந்த புதிய மேம்பாட்டு விதித்தொகுப்பும் இவ்வேற்பாட்டைத் தொடர்ந்தது.

பட்டியலில் மூன்று தரங்கள் உண்டு. முதல் தரம் தேசிய முக்கியத்துவம் உடையவை. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான சத்ரபதி சிவாஜி இரயில் நிலையம் இத்தகையது. கட்டடத்தை வலுப்படுத்தவும் அதன் ஆயுளை நீட்டிக்கவும் இன்றியமையாதன தவிர, உள்ளும் புறமும் கைவைக்கலாகாது. இரண்டாம் தரத்தில், உட்புற மாற்றமும் புதிய பயன்பாடும் பெரும்பாலும் ஏற்கத்தக்கவை. வெளித்தோற்றம் கூர்ந்து ஆராயப்படும். இத்தரத்தின் ஒரு பிரிவில், உயரத்திலும் முகப்பிலும் இசைவாக இருப்பின், அதே மனையில் கூடுதல் கட்டடத்துக்கும் இடமுண்டு. மூன்றாம் தரம் தனியழகைவிடத் தெருவின் ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கு வலுச்சேர்ப்பவை. மாற்றங்களுக்கு இங்கு இடம் அதிகம்.

கோப்பை வாசிக்கும் முறை

தரத்தை அறிந்தவுடன் விடை கிடைத்துவிட்டதாகக் கருதுவது புதிய அலுவலர்களிடம் காணப்படும் பிழை. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கோட்டைப் பகுதியில் இரண்டாம் தரத்தைச் சேர்ந்த நான்கு மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். உரிமையாளர் நான்கு அனுமதிகள் கேட்கிறார்: மின்தூக்கி பொருத்த வேண்டும், மேலே ஒரு தளம் எழுப்ப வேண்டும், கடைமுகப்பை அகலப்படுத்த வேண்டும், உதிர்ந்த சுவர்களைச் சிமெண்டால் பூச வேண்டும்.

விண்ணப்பத்தில் பெரிதாகத் தோன்றுவது மேல்தளம். அதற்குத் தெருவின் எதிர்ப்புற நடைபாதையிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் வரைந்த தோற்றப் படங்கள் வேண்டும். பக்கத்துக் கட்டடங்களின் கூரை விளிம்பு எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதை அளந்து பார்த்தாலே விவாதத்திற் பாதி தீர்ந்துவிடும். அடித்தளமும் சுவர்களும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்பது பொறியாளர் சொல்ல வேண்டியது. மின்தூக்கியை எளிதாக மறுத்துவிடலாம், மறுப்பது சரியன்று. முதியவர் ஏற இயலாத மாடி நாளடைவில் காலியாகும். காலியான மாடியை யாரும் பராமரிப்பதில்லை. தேக்குமரப் படிக்கட்டைப் பெயர்க்காமல், பின்புற வெளிச்சமுற்றத்தில் அதனைப் பொருத்த முடியுமா என்று கேட்பதே ஆய்வு. கடைமுகப்பில் கவனிக்க வேண்டியது தூண்களின் இடைவெளி. வளைவு ஒன்றை அகற்றினால் மேற்சுவரின் பாரம் எங்கே இறங்கும் என்பதை வரைபடம் காட்டியாக வேண்டும்.

கடைசியில் நிற்கும் சிமெண்டுப் பூச்சு, அலுவலகங்களில் வாசிக்காமலே அனுமதிக்கப்படும் வரி. உண்மையில் நான்கினுள் பெருந்தீங்கு விளைக்கக்கூடியது இதுவே. பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பின்னர் வெளிவிடுபவை. அடர்ந்த சிமெண்டுப் பூச்சு ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. மும்பையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் தளங்கள் இரும்பு விட்டங்களுக்கு இடையே செங்கல்லை வளைவாக அடுக்கி அமைக்கப்பட்டவை. அடைபட்ட ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் சுவருக்குள் பதிந்த விட்டமுனைகள் துருவேறிப் பருத்துச் சுவரைப் பிளக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அதே கட்டடம் 'அபாயகரமானது' என்ற சான்றோடு இடிப்பு அனுமதிக்கு வந்து நிற்கும்.

ஆதலால் நல்ல கோப்பில் மூன்று செய்திகள் வரைபடத்துக்கு முன்பே இடம்பெற வேண்டும்: கட்டடத்தின் சிறப்பு அதன் எந்தெந்த உறுப்புகளில் தங்கியிருக்கிறது, அவற்றின் இன்றைய நிலை என்ன, வேண்டப்படும் மாற்றம் அவற்றில் எதனைத் தொடுகிறது. முதற்செய்தி பட்டியலிடும்போதே எழுதப்பட்டிருப்பது நலம். விண்ணப்பம் வந்தபின் எழுதப்படும் சிறப்புரையில் விண்ணப்பதாரரின் விருப்பமோ எதிர்ப்பாளரின் ஆத்திரமோ கலந்துவிடுகிறது.

குழுவின் பரிந்துரையை ஆணையர் மீறலாம் என்பதையும் 1995 விதிகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அது விதிவிலக்கான நேர்வுகளில் மட்டுமே. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும். இந்த அதிகாரத்தை வேறு அலுவலரிடம் ஒப்படைக்கலாகாது. காரணத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயம் சிறிய ஏற்பாடாகத் தோன்றினும், நீதிமன்றத்தில் கோப்பு விரியும்போது அதன் பயன் தெரியும்.

அரசே விண்ணப்பதாரராக நிற்கும்போது இச்சோதனை கடுமையாகிறது. ஐதராபாதின் எர்ரம் மன்ஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரபு ஒருவர் குன்றின்மீது கட்டிய மாளிகை. பின்னாளில் அரசு அலுவலகங்கள் அங்கு இயங்கின. அந்நகரிலும் 1990-களில் பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தனி விதி இயற்றப்பட்டது. 2015-இல் அது நீக்கப்பட்டது. 2019-இல் புதிய சட்டமன்றக் கட்டடத்துக்காக அம்மாளிகையை அகற்ற மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் விதித்த வழிமுறையைப் புறக்கணித்த முடிவு எனக் கூறி, அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதனை ரத்துசெய்தது. மாளிகையின் அழகைப் பற்றிய கருத்து வேறுபாட்டைக் காட்டிலும், முறையான அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வியே அங்கு வலிமை பெற்றது.

செலவை ஏற்பவர் யார்?

மும்பையில் இவ்வினா வாடகையோடு பிணைந்தது. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பரின் வாடகையை அளவுகோலாக்கியது. குடியிருப்போருக்கு அது அரண்; ஐயமில்லை. ஆயினும் பெறும் வாடகையில் ஒரு குழாயைக்கூட மாற்ற இயலாத நிலைக்கு உரிமையாளர்கள் வந்தனர். கட்டடங்கள் சரியத் தொடங்கவே, 1969-இல் பழுதுபார்ப்புச் சட்டம் பிறந்தது. தீவு நகரின் ஏறத்தாழ 19,600 பழங்கட்டடங்களிடமிருந்து தீர்வை வசூலித்து, வாரியம் ஒன்று பழுதுபார்க்கலாயிற்று. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற செலவு வரம்பு உண்டு. மரவேலைப்பாடும் கற்செதுக்கும் உள்ள கட்டடத்துக்கு அது எங்ஙனம் போதும்? மறுபுறம், இத்தகைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் கூடுதல் தளப்பரப்பை ஊக்கமாக வழங்கும் விதியும் இருந்தது. ஒரே விதிநூலின் ஒரு பக்கம் காக்கச் சொல்ல, மற்றொரு பக்கம் இடிப்பதற்குப் பரிசளித்தது.

இதற்கு மாற்றாக, பாரம்பரிய விதிகளால் பயன்படுத்த முடியாமற்போகும் தளப்பரப்புக்கு ஈடாக, மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமையை உரிமையாளருக்கு வழங்க 1995 விதிகள் வகைசெய்தன. அதனை அவர் வேறோரிடத்தில் கட்டுவோருக்கு விற்கலாம். ஏற்பாடு நல்லதே. ஆனால் கிடைக்கும் தொகை அந்தக் கட்டடத்தின் பழுதுபார்ப்புக்கே செல்கிறதா என்பதை உறுதிசெய்யாவிடின், ஈடு கிடைத்த பின்னும் கூரை ஒழுகிக்கொண்டேயிருக்கும். 2012-இல் பட்டியலை விரிவாக்கும் வரைவு வெளியானபோது, சிவாஜி பூங்காவைச் சுற்றிய குடியிருப்பாளர்களே கடுமையாக எதிர்த்ததை இப்பின்னணியில் காணவேண்டும். தம் வீடு மதிப்புடையது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. மதிப்பின் செலவு தம் தலைமேல் விழும் என்றே அஞ்சினர்.

எஸ்பிளனேடு மாளிகையைப் பொறுத்தவரை, 2019-இல் அதன் வாடகைதாரர்கள் வெளியேற்றப்பட்டனர். கட்டடத்தை இடித்துவிடலாம் என்றது ஒரு பொறியியல் அறிக்கை. சீர்செய்து காக்க இயலும் என்றனர் பாதுகாப்பு வல்லுநர்கள். வழக்கு உயர்நீதிமன்றத்தின்முன் சென்றது. அங்கு எழுந்த வினாக்கள், இரும்புச் சட்டகத்தில் எஞ்சியுள்ள வலிமை எவ்வளவு, செப்பனிடும் செலவை உரிமையாளர், வாடகைதாரர், வாரியம் ஆகிய மூவருள் யார் ஏற்பது என்பவையே. முதல் மாடம் விழுமுன்னரே, ஒரு சாதாரண பழுதுபார்ப்புக் கோப்பில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினாக்கள் அவை.