வீட்டுக் கணினியில் ரெக்கார்டு ஏற்றுவது: எந்தத் தட்டுக்கு எந்த வழி?

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பக்கவாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து லயத்தில் விளையாடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் வழியில்லை. கிராமபோன் தட்டுக்கு அவர் பாடவில்லை. அவருக்குப் பின் இதே ஊரில் 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாளின் இளமைக் குரல் இன்றும் ஒலிக்கிறது என்றால், அரக்குத் தட்டுகளில் அது பதிந்ததுதான் காரணம். ஆகவே பெரிய காஞ்சிபுரத்திலோ பிள்ளையார்பாளையத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி ரெக்கார்டு இருந்தால், கழித்துக்கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தால் வேலை பாதி முடிந்தது. மீதியில் செலவு செய்ய வேண்டியது கணினிக்கு அல்ல, முள்ளுக்கு.

கருவி வாங்குவதற்கு முன் தட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும், ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும் என்றால் அது 78 வேக அரக்குத் தட்டு. லேசாக வளைந்து கொடுப்பது வினைல்: 33 வேக எல்பி, 45 வேக ஈபி. நம் நாட்டில் 1960களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்ததால், பல வீடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

அடுத்து ஒவ்வொரு தட்டையும் எடுத்து, இது வேறு எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எச்.எம்.வி.யின் பட்டியல் இப்போது சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. பிரபலமான சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதி செல்போனிலேயே நல்ல தரத்தில் கேட்கக் கிடைக்கிறது. 'நாம் இருவர்' (1947) படத்தில் பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களுக்காக நீங்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை. பழைய 78 தட்டுகள் பலவற்றைப் பெங்களூருவில் விக்ரம் சம்பத் தொடங்கிய 'ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்' டிஜிட்டலாக்கி, இலவசமாகக் கேட்க வைத்திருக்கிறது. எங்கும் கிடைக்காமல் நிற்பவை பெரும்பாலும் வேறு வகை: சிறு கம்பெனிகள் போட்ட நாதஸ்வரத் தட்டுகள், பக்திப் பாடல் ஈபிகள், படத்தின் வசனத் தட்டுகள், கட்சிப் பாடல்கள். அண்ணா பிறந்த ஊர் இது. நாகூர் ஹனிபாவின் கட்சிப் பாட்டுத் தட்டு இங்கே ஒரு பெட்டியில் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் உழைப்பு முதலில் இந்தக் குவியலுக்குப் போகட்டும்.

இனி வழிகள். பத்துப் பதினைந்து எல்பி மட்டுமே இருக்கிறது, அதற்காக ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்ள மனமில்லை என்பவர்கள் சென்னையில் மாற்றித் தருபவர்களிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 78 தட்டுக்குத் தனி முள் வைத்திருக்கிறீர்களா? சுத்தப்படுத்தாத மூலப் பதிவையும் வேவ் கோப்பாகத் தருவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுவது நல்லது. எம்பி3 மட்டும் போட்ட பென்டிரைவ் போதாது.

சூட்கேஸ் வடிவில், ஸ்பீக்கரோடு, மூன்று வேகமும் ஓடும் என்று விற்கும் மலிவு பிளேயர்களை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக் வகை. தட்டின் மேல் அழுத்தம் அதிகம், எடையைச் சரிசெய்ய வழியும் இருக்காது. 78 வேகம் இருந்தாலும் முள் எல்பிக்கானதுதான். எல்பி முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். நாலில் ஒரு பங்கு பருமனுள்ள முள் அகலப் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு ஓடும். அங்கே படிந்திருப்பது எழுபது வருட அழுக்கும் பழைய எஃகு ஊசிகள் உதிர்த்த தூளும்தான். பாட்டு இருப்பது பள்ளத்தின் பக்கச் சுவர்களில். சரியான முள்ளை மாட்டியதும் அதே தட்டில் கரகரப்பு அடங்கிக் குரல் முன்னே வரும். எந்த மென்பொருளும் அந்த அளவுக்குச் சுத்தம் செய்து தராது.

யுஎஸ்பி டர்ன்டேபிள் வாங்குவதானால் பெட்டியில் எழுதியிருக்கும் வேகங்களைப் படியுங்கள். ஆடியோ டெக்னிக்காவின் ஏடி-எல்பி60எக்ஸ் யுஎஸ்பி 33, 45 மட்டும்தான் ஓடும். எல்பி, ஈபி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது போதும். இரண்டும் கலந்திருந்தால் அதே கம்பெனியின் ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பி பொருத்தம்: மூன்று வேகமும் உண்டு, முள்ளை மட்டும் கழற்றி 78-க்கான முள்ளை மாட்டிக்கொள்ளலாம். விலைதான் அதிகம். நூறு தட்டு இருக்கும் வீட்டுக்கு அது நியாயமான செலவு, இருபது தட்டுக்கு அல்ல.

வீட்டிலோ மைக்செட்காரரிடமோ நல்ல பழைய டர்ன்டேபிள் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். கார்ட்ரிட்ஜுக்குப் புது முள், டர்ன்டேபிளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பெஹ்ரிங்கரின் யுஎஃப்ஓ202 போன்ற ஒரு சிறு பெட்டி, இவ்வளவுதான் செலவு. முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கி, கணினிக்குப் புரியும் வடிவில் யுஎஸ்பி வழியே அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. டர்ன்டேபிளை நேராக லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகக் கூடாது. அங்கே போனால் ஸ்டீரியோ போய்விடும், ஒலியும் சிதையும். 78 வேகம் இல்லையென்றாலும் சமாளிக்கலாம். 78 முள்ளை மாட்டி 45-இல் ஓட்டிப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 45-லிருந்து 78-க்கு மாற்ற வசதி உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் என்றால் கவனம் தேவை. 110 வோல்ட் பிரச்சினையை டிரான்ஸ்பார்மர் தீர்த்துவிடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் மட்டும் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும்.

தறி போட்ட வீட்டில் இன்னொரு சிக்கல். ஊடையை அடித்து நெருக்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாக மேஜைக்கு ஏறி, முள்ளுக்குள் போய்விடும். காதுக்குத் தெரியாவிட்டாலும் கணினித் திரையில் அலை சீராகத் துள்ளுவது தெரியும். டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகையில் வையுங்கள். தறி நிற்கும் நேரத்தில் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். 'உம்' என்று அடியொலி கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் டர்ன்டேபிளின் எர்த் ஒயர் அந்த யுஎஸ்பி பெட்டியில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தட்டைத் துடைப்பதிலும் இரு வகைக்கும் ஒரே வழி ஆகாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எனவே 78 தட்டில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மெல்லிய துணி போதும். லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி ஆகும். 40 நிமிட எல்பி ஒன்று 700 எம்பிக்குள் அடங்கிவிடும். மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 78 தட்டு மோனோதான், இருந்தாலும் ஸ்டீரியோவில் பதிந்து பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்தால் இரைச்சலில் ஒரு பகுதி தானே கழிந்துவிடும்.

இரைச்சலை நீக்கும் கருவிகளில்தான் கர்நாடக இசைத் தட்டுகள் அதிகம் கெடுகின்றன. 'கிளிக்' நீக்கும் கருவியை வலுவாகப் போட்டால் மிருதங்கத்தின் சாப்பையும் கஞ்சிராவின் விரல் அடியையும் கீறல் என்று எண்ணிச் சீவிவிடும். சீரான இரைச்சலை நீக்கும் கருவிக்குத் தம்புராவும் சீரான சத்தம்தான். பாட்டின் நடுவிலிருந்து இரைச்சல் மாதிரி எடுத்துக் கொடுத்தால் சுருதியே மங்கிப்போகும். பாட்டு தொடங்குவதற்கு முன் முள் வெறுமனே ஓடும் சில நொடிகளிலிருந்து மட்டும் மாதிரி எடுங்கள். அதையும் குறைந்த அளவில் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு மிச்சமிருக்கும் கரகரப்பு பரவாயில்லை, தவில் மழுங்கினால்தான் மனசு கேட்காது.

78 என்று சொன்னாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதியப்பட்டவை அல்ல. ஆறு சதவீத வேக வித்தியாசம் அரைக் கட்டை சுருதிக்குச் சமம். ஒரு கட்டைக்குப் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் கேட்பார். ஒரே ராகத்தின் ஆலாபனை ஒரு பக்கம், கீர்த்தனை மறுபக்கம் என்றிருந்தால் இரண்டின் சுருதியும் சேர்கிறதா என்று பாருங்கள். ஆர்மோனியம் கூட இருந்தால் பிடிப்பது எளிது. சந்தேகம் இருந்தால் மூலப் பதிவைத் தொடாமல் விட்டு, பிரதியில் மட்டும் வேகத்தைத் திருத்துங்கள்.

கோப்புக்கு 'பாட்டு 1' என்று பெயர் வைப்பதில் பயனில்லை. பாடியவர், பாட்டு, ராகம், கம்பெனி, லேபிளில் அச்சான எண், அதோடு லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண். சாய்வாக டார்ச் அடித்தால் அது தெரியும். ஒரே பாட்டை இருமுறை பதிந்திருந்தால் எந்தப் பதிவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண் உதவும். லேபிளையும் உறையையும் படம் எடுத்துக் கோப்புடன் போட்டுவிடுங்கள்.

சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவரின் உரிமை தனி. சொந்தமாகக் கேட்க மாற்றிக்கொள்வது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு.

மாற்றியதைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, ஓட்டுக் கூரைச் சூடு இறங்கும் பரணிலிருந்து கீழே கொண்டுவாருங்கள். எங்குமே கிடைக்காத தட்டு என்று உறுதியானால் அதை வீட்டில் ஓட்ட அவசரப்பட வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, 1982-இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமில் இயங்கும் இசை ஆவணக் காப்பகமான ஆர்சிக்கோ லேபிளின் படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.