எண்கள் கூறும் ஊர்க்கதை

நுழையும்முன்

ஓர் ஊரில் வாழ்வோர் எத்தனை பேர்? அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர்? உழவை நம்பி வாழ்வோர் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்குரிய விடைகளை அரசு வீடுவீடாகச் சென்று திரட்டி, யாவரும் காணும் வண்ணம் வெளியிடுகிறது. அவற்றைத் தேடிப் பெறவும் பிழையறப் படிக்கவும் இப்பாடம் வழிகாட்டுகிறது.

பஞ்சம் பதிந்த பட்டியல்

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1881இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தது, மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம். குறைந்தோருள் மடிந்தவர் எத்தனை பேர், ஊரைவிட்டு அகன்றவர் எத்தனை பேர், பிறவாமலே போன குழந்தைகள் எத்தனை என்பதை இவ்விரண்டு எண்களும் பிரித்துக் காட்டவில்லை. எனினும், ஒரு மாவட்டத்திற்கு நேர்ந்த பேரிழப்பின் அளவை இவையே நமக்கு அறிவிக்கின்றன. எண்ணப்படாதிருந்தால் அவ்விழப்பின் அளவும் அறியப்படாமலே போயிருக்கும்.

எண்ணும் முறை

இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்த முதல் கணக்கெடுப்பு 1881இல் நடைபெற்றது. அதுமுதல் 2011வரை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இப்பணி தடையின்றித் தொடர்ந்தது. 2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என அரசு அறிவித்துள்ளது.

பணி இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதற்கட்டத்தில் வீடுகளும் அவற்றின் வசதிகளும் பட்டியலிடப்படும். இரண்டாம் கட்டத்தில் மக்கள் எண்ணப்படுவர். வீடற்றோரும் விடுபடலாகாது என்பதால், 2011 பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே சென்று கணக்கெடுத்தனர். கணக்கெடுப்பாளர்களுள் பலர் பள்ளி ஆசிரியர்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

தெரிந்து தெளிவோம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஒருவர் தம்மைப்பற்றி அளிக்கும் விவரம் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பது இச்சட்டத்தின் நெறி. வெளியிடப்படுபவை தொகுத்த எண்களே. தனிமனிதர் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை.

தரவுகளைப் பெறும் வழி

இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் அட்டவணைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். மாணவர்க்கு முதலில் உதவுவது மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. 2011ஆம் ஆண்டுக் கையேட்டின் முதற்பகுதி, சிற்றூர்தோறும் உள்ள பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை முதலிய வசதிகளைக் கூறும். இரண்டாம் பகுதி, ஆண், பெண், குழந்தைகள், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் ஆகியோரின் எண்ணிக்கையைத் தரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருத்தலால், மாவட்டம், வட்டம் ஆகியவற்றோடு ஊருக்குரிய குறியீட்டெண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

எண்களைப் படிக்கும் நெறி

முதலாவது, எதனால் வகுக்கிறோம் என்பதை அறிதல். 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030, எழுத்தறிந்தோர் 5,18,37,507. முன்னதால் பின்னதை வகுத்தால் ஏறத்தாழ 71.85 விழுக்காடு கிடைக்கும். ஆனால், அரசு வெளியிட்ட எழுத்தறிவு விழுக்காடு 80.09. எழுத்தறிவு, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே கணக்கிடப்படுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஆறு வயது வரையுள்ள 74,23,832 குழந்தைகளை நீக்கிய பின்னரே வகுத்தல் வேண்டும்.

இரண்டாவது, எல்லையை அறிதல். 1881ஆம் ஆண்டின் சேலம் வேறு. இன்றைய சேலம் வேறு. 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு இரு காலத்து எண்களை அப்படியே ஒப்பிடுதல் பிழையாகும்.

மூன்றாவது, சராசரி மறைப்பதை அறிதல். ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 2001இல் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011இல் 943 பேர் இருந்தனர். பெரிய மாற்றம் ஏதும் இல்லை என்றே தோன்றும். ஆனால், சேலம் மாவட்டத்தில் 2001இல் இவ்வெண் 851 மட்டுமே. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதும் இம்மாவட்டத்தில்தான். 2011இல் அவ்வெண் 910ஐக் கடந்தது. மாநிலச் சராசரியை மட்டும் கண்டவர், முன்னிருந்த துயரையும் அறியார்; பின்வந்த மாற்றத்தையும் அறியார். மாற்றத்திற்குத் திட்டம் காரணமா, சட்டம் காரணமா, கல்வி காரணமா என்பதை அட்டவணை கூறாது. அதனை மக்களிடம் கேட்டும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டும் ஆராய்தல் வேண்டும்.

கணக்கெடுப்பும் மாதிரி ஆய்வும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அனைவரையும் எண்ணுவது. மாதிரி ஆய்வு, தேர்ந்தெடுத்த சில குடும்பங்களிடம் விரிவாக வினவுவது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, நாடு முழுவதும் ஏறத்தாழ 6 இலட்சத்து 37 ஆயிரம் குடும்பங்களை அணுகியது. இரத்தசோகை, தடுப்பூசி, குழந்தைகளின் ஊட்டநிலை ஆகியவற்றை அதன்வழி அறியலாம். ஆனால், ஒரு தனிச் சிற்றூரின் நிலையை அதனால் கூற இயலாது. வினாவிற்கேற்ற தரவைத் தெரிந்தெடுப்பதே ஆய்வின் முதற்படியாகும்.

ஓர் ஊரில் பள்ளி வேண்டும் என்று கேட்பவர், அங்குள்ள குழந்தைகளின் எண்ணிக்கையையும் உடன் கூறினால் கோரிக்கை வலுப்பெறும். மக்கள் அளித்த விவரங்கள் மக்களுக்கே பயன்படுதல் வேண்டும். அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் கதவைத் திறந்து விடை கூறிய ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை மறவாது படிப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் 2011ஆம் ஆண்டு விவரங்களை மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்து, பாலின விகிதத்தையும் எழுத்தறிவு விழுக்காட்டையும் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் அன்றிருந்த வசதிகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

குறுவினா: எழுத்தறிவைக் கணக்கிடுகையில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை நீக்குவது ஏன்?

சிறுவினா: மாநிலச் சராசரி மறைப்பதை மாவட்ட எண் வெளிப்படுத்தும் என்பதைச் சேலத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.