மூடில் பழகும் ஆசிரியருக்கு

கேள்வி: எங்கள் கல்லூரியில் மூடில் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தை நிறுவியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் அதைப் பழகிக்கொள்ள என்னென்ன சாதனங்கள் உண்டு?

பதில்: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட மூடில், எவரும் பெறவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமத்தின்கீழ் வருவதாகையால், அதனைக் கற்பதற்கான சாதனங்களும் பெரும்பாலும் விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றுள் பிரதானமானவை, ஒவ்வோர் அங்கத்தின் உபயோகத்தையும் விளக்கும் ஆவணத் தொகுப்பும், ஆசிரியர்களுக்கு இலவசப் பாடங்களை நடத்தும் மூடில் அகாடமியுமாம். வாசித்ததைச் செய்து பார்க்க விரும்புவோர், 'மவுண்ட் ஆரஞ்சு' என்னும் கற்பனைப் பள்ளியின் மாதிரித் தளத்தில் ஆசிரியராகவும் மாணவராகவும் மாறி மாறிப் பிரவேசித்து, தம் வகுப்புக்கு யாதொரு பங்கமும் நேராமல் பரீட்சித்துக்கொள்ளலாம்.

ஆயினும், எல்லாக் கருவிகளையும் ஒரே சமயத்தில் கையாள முற்படுவது விவேகமன்று. முதலில் வினா வங்கியை அமையுங்கள். ஒருமுறை சிரத்தையுடன் எழுதி வகைப்படுத்திய வினாக்கள் பல தேர்வுகளுக்குப் பயன்படுவதோடு, ஒவ்வொரு விடைக்கும் நீங்கள் சேர்க்கும் குறிப்பை உடனுக்குடன் காட்டுமாறு ஏற்பாடு செய்தால், மாணவர் தவறிய கணத்திலேயே காரணத்தையும் உணர்ந்துகொள்வர். பின்னர், ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடும் பட்டறைக்குச் செல்லுங்கள். பிறருடன் சேர்ந்து ஒன்றை ஆக்குவதிலேயே அறிவு வளர்கிறது என்னும் சித்தாந்தம் இத்தளத்தின் அஸ்திவாரமாதலால், அதன் மேன்மை அங்கே பூரணமாக விளங்கும். பருவ முடிவில் பாடம் முழுவதையும் காப்புப் பிரதியாக எடுத்துச் சக ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். தாராளமாகப் பெற்றதைத் தாராளமாக வழங்குவதே ஆசிரிய தர்மம்.