ரீங்காரத்தின் வேர்

இல்லத்தில் இசை கேட்க உதவும் ஸ்டீரியோ பல கருவிகளின் தொகுதியாகும். இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, வானொலி, கணினி முதலியவற்றினின்றும் வரும் மெல்லிய ஒலிக்குறிகளை ஆம்ப்ளிபயர் வலுப்படுத்தி, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புகின்றது. சில வேளைகளில் இசை தொடங்கும் முன்னரே, வண்டு முரல்வது போன்ற ரீங்காரம் அவற்றினின்றும் எழுவதுண்டு. அஃது எவ்வாறு தோன்றுகின்றது?

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி இயங்குவது. அவ்வியக்கம் ஒலிக்குறி செல்லும் கம்பியிற் புகுந்துவிடின், தாழ்ந்த முழக்கமாகக் கேட்கும். இசைத்தட்டின் முள்வழி எழும் மின்னழுத்தமோ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே. அதனைப் பன்மடங்கு பெருக்கும்போது, உடன் புகுந்த சிறு மாசும் பெருகிவிடுகின்றது.

காரணம் காண விழைவோர் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். முதலில் ஒலியளவுக் குமிழை முற்றும் குறைத்துப் பார்த்தல் நன்று. அப்பொழுதும் ரீங்காரம் குறையாது நிற்குமாயின், பெரும்பாலும் பழுது ஆம்ப்ளிபயரின் உள்ளேயே இருக்கும். அதனைப் பயிற்சி பெற்றவரே திறத்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருத்தல் கூடும். குமிழைக் குறைத்தவுடன் ஓசை மறையுமாயின், மின்சாரத்தை நிறுத்தி, ஒலிக்குறிக் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் பொருத்திச் சோதிக்க வேண்டும். எதனைப் பொருத்தியபின் ரீங்காரம் எழுகின்றதோ, அதுவே அது புகும் வாயில். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் உண்மை விளங்காது.

இசைத்தட்டுக் கருவியினின்றும் ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் மெல்லிய நிலக்கம்பி நெகிழ்ந்திருத்தல் ஒரு காரணம். மற்றொன்று, நிலக்கம்பிகள் வளையமாதல். கணினியும் ஆம்ப்ளிபயரும் வெவ்வேறு இடங்களில் மின்சாரம் பெற்று, தனித்தனியே நிலத்தோடு தொடர்பு கொண்டிருக்கும். அவற்றை ஒலிக்குறிக் கம்பியின் உலோக உறையும் இணைக்கும்பொழுது ஒரு வளையம் உண்டாகின்றது. அதில் பாயும் சிறு மின்னோட்டமே ரீங்காரமாகின்றது. இரண்டையும் ஒரே மின்பலகையிற் பொருத்தினால் பெரும்பாலும் ஓசை தணியும். மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர் போன்றவையும் கரகரப்பை உண்டாக்கலாம். அவற்றை நிறுத்திப் பார்த்தால் உண்மை புலப்படும்.

இங்கே ஒரு பெரும் எச்சரிக்கை வேண்டற்பாலது. சிலர் பிளக்கிலுள்ள மூன்றாவது முனையாகிய எர்த் முனையை நீக்கிவிடுவர். வளையம் அறுபடுவதால் ரீங்காரம் நிற்கலாம்; ஆனால் காவலும் அதனோடு அகன்றுவிடும். உள்ளே மின்சாரம் வரும் கம்பி உறையிழந்து உலோகப் பெட்டியைத் தொடுமாயின், எர்த் கம்பி அம்மின்சாரத்தை நிலத்திற்குக் கடத்தும். பியூஸ் உருகித் தொடர்பு அறுபடும். அக்கம்பி இல்லையெனில், 230 வோல்ட் மின்னழுத்தம் பெட்டியில் ஏறித் தொடுவோரின் வரவுக்குக் காத்திருக்கும்.

மாணவர்களே! ஓசை அடங்கிற்று என்பதனாலேயே குறை தீர்ந்தது என்று கொள்ளலாகாது. காரணத்தைக் கண்டு, காவலைக் கெடுக்காமல் நீக்குவதே அறிவுடையோர் செயலாகும்.